நான் ஓட்டிக் கெடுத்த வண்டி

எங்கள் கார் என் கையில் மட்டும்தான் உதறும். திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் விட்டு, வெயிலில் வெந்துகிடந்த வண்டியை எடுத்தால், விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் திக்கத் தொடங்கிவிடும். பின்னால் லாரிகள் ஆரன் அடிக்கும். என்னோடு வந்துகொண்டிருந்த டீச்சர்கள் நாசூக்காகப் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள்.

மறுநாள் காலை விழுப்புரத்தில் என் கணவர் மார்க்கெட் வரை ஓட்டிப் பார்ப்பார். ஒரு குறையும் இருக்காது. ஒர்க்‌ஷாப்பிலும் அப்படித்தான்.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார். யார் ஓட்றாங்க?"

"வீட்ல."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

"கிளட்ச்சுல கால வெச்சிக்கினே ஓட்டுற. இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா பஸ்ஸுல போயிடு" என்றார் வீட்டுக்கு வந்து. நாற்பதுக்கு மேல் ஓட்டக் கற்றவள் நான். சாவியை விட்டுக்கொடுக்க மனசே இல்லை. ஆனாலும் அவர் சொன்னதை நம்பினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தேன். அப்படியும் உதறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் காதுகுத்து. அவர்தான் ஓட்டினார். பின்சீட்டில் அவருடைய அக்காவும், அக்காவின் மருமகளும். அந்த அண்ணி வீட்டிலும் கார் உண்டு. மருமகள் அதைத் தொட்டதில்லை. பந்தியில் அந்தப் பெண் என் காதோடு, "எனக்கும் கத்துக்கணும் அத்த. உங்களக் காட்டித்தான் வீட்ல கேட்டுக்கினு இருக்கேன்" என்றாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும்போது வண்டி உதறியது. அவர் கையில், அண்ணி முன்னால். இதற்காக எத்தனை நாள் சாமியிடம் வேண்டியிருப்பேன்.

"என்னடா தம்பி, இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?" என்றார் அண்ணி.

அவர் முகம் சுண்டிப்போனது. அவர் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"நான் ஓட்டி ஓட்டிக் கெடுத்து வெச்சிருக்கேன் அண்ணி."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றேவிட்டது. வெயில் தாங்காமல் அண்ணியும் மருமகளும் பஸ் பிடித்துப் போன பிறகுதான் மெக்கானிக் வந்தார். சூடு ஆறுவதற்குள் ஸ்கேனரை மாட்டினார்.

"மிஸ்ஸிங்குங்க, அதான் உதறுது. இன்ஜின் சுத்துறதப் பாக்குற சென்சாரு போயிடுச்சு. சூடானா விட்டு விட்டு வேலை செய்யும், ஆறினா நல்லாயிடும். யார் ஓட்டினாலும் இதே கதைதான்."

காலை நேரத்தில் மார்க்கெட் வரை போய் வந்தால் அது எப்படித் தெரியும்? என் கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதானே, நான் ஒண்ணும் தப்பா ஓட்டலையேன்னு பார்த்தேன்" என்றார்.

சென்சாரை மாற்றியதிலிருந்து உதறல் இல்லை. சாவியும் என்னிடமே இருக்கிறது. பொங்கலுக்கு அண்ணி வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். மருமகளுக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுக்கலாமே என்று பேச்சை எடுத்தேன்.

"அதெல்லாம் வேணாம்மா. ஓட்டிக் கெடுத்துட்டேன்னு நீயே உன் வாயால சொன்னியே."

"அது சென்சாரு அண்ணி. மெக்கானிக்கே சொன்னாரு."

"அவன் ஆயிரம் சொல்லுவான். ஓட்டுனவளுக்குத் தெரியாதா?"

மருமகள் காபி கொண்டுவந்தாள். தம்ளரை என் கையில் கொடுக்காமல் டீப்பாயில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.