அவிழ்க்கக் கூடாத கட்டு

எங்கள் நாய்க்கென்று தனியாக ஒரு பெயர் கிடையாது. அப்பா அதை "டேய்" என்று கூப்பிடுவார், அது ஓடி வரும். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு தரம் கூப்பிட்டால்தான் ஆட்டோக்காரர் வருவார். வீட்டில் நானும் அப்பாவும் மட்டுமே. நான் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகுதான் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் வந்து இறங்குவேன். அம்மா போனதிலிருந்து பகல் முழுக்க அப்பாவுக்குப் பேச்சுத்துணை அந்த நாய்தான். சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சு அவருடையது. தெருமுனைக்குப் போவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்குவார், நாயும் அவரோடு நின்று நின்று போகும். நான் நாயைக் கொஞ்சுகிற ஜாதி இல்லை. என் நல்ல செருப்புகளையெல்லாம் கடித்துத் துப்பிய சனியன் அது. ஆனாலும் ரயிலில் இடிபட்டுக்கொண்டு போகும்போது, வீட்டில் அவர் தனியாக இல்லை என்று ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சைனைடு மேடு. சைனைடு கலந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய மண்தான் அப்படிக் குவிந்து கிடக்கிறது. சுரங்கம் மூடிய பிறகு அதன் அடிவாரமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. ஆட்கள் வெளியேறிய இடத்தில் காட்டுப்பன்றிகள் குடியேறின. அவற்றுக்கு வாடகையும் இல்லை, ரயில் பாஸும் வேண்டாம். நம் குப்பையைத் தின்றுவிட்டு நம்மையே முறைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, அப்பாவைக் காணோம். பின்பக்கத்திலிருந்து நாயின் ஓலம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேட்டுச் சரிவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். புதரோரம் நாய் கிடக்கிறது. பின்தொடை கிழிந்து சதை தொங்குகிறது, மண்ணெல்லாம் ரத்தம்.

"பன்னி கிழிச்சிட்டுது. நீ தொடாத. போயி ரெண்டு கழி, என் பழைய சட்டை ரெண்டு, அப்புறம் டிரங்க் பெட்டில கீற கட்டுத்துணி, எல்லாம் எடுத்துக்கினு வா" என்றார். மூச்சு வாங்கியதே தவிர குரலில் நடுக்கமே இல்லை.

அப்பா சுரங்கத்தில் முதலுதவிக் குழுவில் இருந்தவர். கீழே யாருக்காவது அடிபட்டால் மற்றவர்கள் மேலே ஏற்றிவிடும் கேஜை நோக்கி ஓட, இவர்கள் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். சுரங்கத்தின் ஆழத் தளங்களுக்குள், லெவலுக்கு லெவல் போட்டி நடக்கும். யார் சீக்கிரம் கட்டுப்போட்டு ஆளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறார்கள் என்று பார்த்துக் கோப்பை கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் நகை கிடையாது, அந்தக் கோப்பைகள் உண்டு. சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் முக்கோணக் கட்டுத்துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருப்பார். நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்: யாருக்கு நைனா இதெல்லாம், எலிக்கா?

அன்றைக்கு அவர் கட்டியதைப் பார்க்க வேண்டுமே. துணியை மடித்துக் காயத்தின்மேல் அழுத்தி, அதன்மேல் கட்டுத்துணியைச் சுற்றி, இழுத்து, ஒரே முடிச்சு. ஊற்றாக வந்த ரத்தம் நின்றுவிட்டது. சட்டைகளுக்குப் பட்டன் போட்டு, கைகளுக்குள் கழிகளைச் செருகி ஸ்ட்ரெச்சர் ஆக்கினார். ஆட்டோக்காரரும் ஓடி வந்துவிட்டார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்பா முன்னால் நடந்துகொண்டே "லிஃப்ட்... ஸ்லோ... லோயர்" என்று ஆணை போட்டார். லைன் முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. மூச்சுக்குத் திணறுகிற கிழவராக இல்லாமல் என் சின்ன வயது அப்பாவாக அவர் நடந்தார்.

ஞாயிறு என்பதால் ஆண்டர்சன்பேட்டையில் எந்த மாட்டு டாக்டரும் கிடைக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், ரத்தம்தான் நின்றுவிட்டதே என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். சாயங்காலம் பார்த்தால் நாயின் பாதம் வீங்கியிருந்தது. கட்டுக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

"நைனா, கொஞ்சம் தளத்தி வுடலாமா? இறுக்கமா கீது போல."

"கைய எடு!" என்று கத்தினார். நாயே பயந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. "சொரங்கத்துல கீழ போட்ட கட்ட மேல ஆஸ்பத்திரி டாக்டர்தான் அவுக்கணும். நடுவுல அவுத்தா ரத்தம் பிச்சிக்கினு போயிடும். ஆளு கேஜ்லயே காலி."

எங்கள் லைனில் பிறந்தவர்களுக்கு இது பத்துக் கட்டளைகளோடு சேர்ந்த பதினோராவது. சின்ன வயதில் முட்டி சிராய்த்துக்கொண்டால் அப்பா கட்டுப்போடுவார். அதை அவிழ்க்கக் கூட்டிக்கொண்டு, பிறகு சுரங்கத்தோடு சேர்ந்து மூடிப்போன சுரங்க ஆஸ்பத்திரிக்கு நடப்பார். வீட்டில் அவிழ்த்ததே இல்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். பெங்களூரில் பத்துப் பேரை மேய்க்கிறவள் நான். ஆனால் அந்த முடிச்சில் கைவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, ஆட்டோவில் நாயை ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கிராமங்களுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார். அங்கிருந்த உதவியாளர், "கட்டப் பிரிச்சி மருந்துத் தண்ணில கழுவி வுடறேன், நாளைக்கி டாக்டர் பாத்துக்குவாரு" என்றார். நல்ல மனுஷர், கையில் கத்திரியோடு நின்றார்.

"நீங்க டாக்டரா?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல பெரியவரே."

"அப்ப தொடாதீங்க."

திரும்பிவிட்டோம். அன்றிரவு நாய் சத்தமே போடவில்லை. வலி குறைந்துவிட்டது என்றார் அப்பா. நானும் அதை நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

மறுநாள் டாக்டர் இருந்தார். சின்ன வயது, கன்னடக்காரர், அதட்டாமல் பேசினார். கட்டை அவர் வெட்டியதும் எழுந்த நாற்றத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கட்டுக்குக் கீழே கால் கறுத்துப் போயிருந்தது. அவர் காயத்தை ஒதுக்கிப் பார்த்தார், எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எலும்பில் படவே இல்லை. பெரிய ரத்தக்குழாயும் அறுந்திருக்கவில்லை. பன்றியின் கோரைப்பல் கிழித்த காயத்தில் அத்தனை அழுக்கும் இருக்கும் என்றார். சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவித் திறந்தே விட்டிருக்க வேண்டுமாம். ரத்தம் நிற்கக் கட்டியிருந்தாலும் சீக்கிரமே தளர்த்தியிருக்க வேண்டுமாம். அழுக்கை உள்ளே வைத்து இறுக்கி விட்டதால் கால் செத்துவிட்டது, விஷம் உடம்பில் ஏறிவிட்டது. கன்னடத்தில்தான் சொன்னார். ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குப் புரிந்தது.

"யாரு கட்டினது?" என்று டாக்டர் கேட்டார்.

ஆட்டோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ வழியில் போனவர் கட்டினார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, "நான்தான் சார்" என்றார்.

காலை எடுத்தால் பிழைக்குமா என்று நான் கேட்டேன். பெங்களூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும், ஆனால் வழியிலேயே போய்விடும், அலைக்கழிக்காதீர்கள் என்றார். கழுவி, ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி அனுப்பினார். அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். மறுநாள் மத்தியானம் அப்பா கஞ்சி ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது நாய் செத்திருந்தது. மூடிய கண்ணைப் பார்த்துத் தூங்குகிறது என்று நினைத்து, தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு "டேய்" என்றார். பிறகு இன்னொரு தரம் கூப்பிட்டார். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன், வெளியே வர முடியவில்லை.

லைனில் எல்லோரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். பன்னி அடிச்சா பொழைக்காது பெரியவரே, நீங்க போட்ட கட்டாலதான் இத்தினி நாளு கெடந்தது என்றார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தப்பாக ஒரு சொல் விழுந்தாலும் திருத்தாமல் விடாத மனுஷர்.

அந்த வாரம் முழுக்க லீவை நீட்டியிருந்தேன், அடுத்த திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அப்பா முன்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவராகவே ஆரம்பித்தார். பழைய ஆட்களின் பேரைச் சொன்னார். ஒருத்தனுக்குக் கை, ஒருத்தனுக்குத் தொடை, ஒருத்தனுக்கு மண்டை. எல்லோருக்கும் இவர்தான் கட்டினாராம். தொடையில் அடிபட்டவனுக்கு அப்புறம் காலை எடுத்துவிட்டார்கள். "அது பாறை விழுந்ததாலன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"அது வேற, இது வேற நைனா. அங்க சொரங்க ஷாஃப்ட் வாயிலயே ஆம்புலன்ஸ் நிக்கும். மேல வந்தவுடனே ஆஸ்பத்திரி, உடனே டாக்டர் அவுத்துப் பாத்துடுவாரு. நீங்க கட்டினது தப்பே இல்ல."

அவர் ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அதத்தாம்மா நானும் சொல்றேன். மேல ஆஸ்பத்திரி கீதுன்னு நெனச்சிக்கினு கட்டிட்டேன்."

தூரத்தில் ரயில் ஊதியது. நான் அவர் காலடியிலிருந்து எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.