தேசிக்காய், கரி, அப்பச் சோடா: பல் வெளுக்கப் பட்ட பாடு

பல் டொக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது என் வேலை. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களால் பொய் சொல்ல ஏலாது என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள ஒரே வசதி.

எங்கள் கிளினிக் வேலணையில். டொக்டர் கிழமையில் மூன்று நாள் யாழ்ப்பாணத்திலிருந்து வருவார். பல்லு நோவென்று வருகிறவர்களை விட, பல்லு மஞ்சளென்று வருகிறவர்கள்தான் இப்போது கூடுதல். வருவதற்கு முதல் எல்லோரும் வீட்டில் ஏதாவது செய்து பார்த்திருப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தனான். ஆகவே வெட்கப்படாமல் வாசியுங்கள்.

தேசிக்காய்

சுகந்தி சுருவிலில் முன்பள்ளி ஆசிரியை. ஒரு நாளைக்கு ஐந்தாறு தேத்தண்ணீர் குடிக்கிற பிள்ளை. கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்க, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத் தேசிக்காய்ப் புளியில் (எலுமிச்சைச் சாறுதான்) உப்பைக் கலந்து காலையும் மாலையும் தேய்த்திருக்கிறாள். முதல் கிழமை பல் மினுங்கியதாம். இரண்டாம் கிழமை பச்சைத் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

"புளி பல்லின்ர மேல் ஓட்டைக் கரைக்கும் பிள்ளை. ஓடு மெலிஞ்சால் உள்ளுக்கிருக்கிற மஞ்சள்தான் இன்னும் தெரியும்" என்றார் டொக்டர். பல்லில் படிந்திருந்த கறையைச் சுத்தம் செய்து, கூச்சத்துக்கு ஒரு பற்பசை எழுதிக் கொடுத்து, தேத்தண்ணீர் குடித்தவுடன் வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். கூச்சம் மெல்ல மெல்லத்தான் குறைந்தது. கலியாண நாள் அதுவரை காத்திருக்கவில்லை. பிறகு கலியாணக் கேக் கொண்டு வந்தவள் சொன்னாள்: "காத்துப் பட்டாலே கூசினது அக்கா. படம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நிண்ட ஒரே கலியாணப் பொம்பிளை நான்தான்."

சிரட்டைக் கரி

ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர் ஒருவர் தேங்காய்ச் சிரட்டையை எரித்து, கரியை மாவாக அரைத்து, மூன்று மாதம் பல் தீட்டியிருந்தார். வாயைத் திறந்தால் பல்லைப் பிடித்திருக்கிற முரசு ஓரமெல்லாம் கறுப்புக் கோடு. பல்லின் அடிப்பக்கம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. கரியை விடச் சொன்னதும், "அப்பச் சோடா?" என்று கேட்டார். "கிழமைக்கு ஒருக்கால், ஒரு சிட்டிகை, அதுவும் மெதுவாக" என்றார் டொக்டர்.

வெளியே இருந்த மனைவி கதவைத் திறந்து தலையை நீட்டினார்: "இவரின்ர பல்லு வெளுத்தால் வெளுக்கட்டும் டொக்டர், அரைச்ச என்ர மிக்சியை ஆர் வெளுக்கிறது?"

சாம்பல்

நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து வந்திருந்தாள் மேரி. முப்பது வயதிருக்கும். முன்பற்களில் மண்ணிறக் கோடுகள். சின்ன வயதிலிருந்து சாம்பலால் தேய்த்தும் போகவில்லையாம். கலியாணம் செய்து போன வீட்டில், பல்லுத் தீட்டாதவள் என்று முகத்துக்கு நேரே சொல்வார்களாம். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள்.

நான் முகமூடியைக் கழற்றி என் பல்லைக் காட்டினேன். அதே கோடுகள். பல் முளைக்க முன்னமே கிணற்றுத் தண்ணீரிலுள்ள புளோரைட்டால் உள்ளுக்குள் ஏறிய நிறம் அது, தேய்த்துப் போகாது, விரும்பினால் டொக்டர் மேலே பூசி மறைக்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். அவள் பூசவில்லை. என் பல்லையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை வாயிலிருந்து எடுத்தாள். "அப்ப, இது ஊத்தையில்லையோ அக்கா?"

வெத்திலை

அல்லைப்பிட்டி அருளப்பு அண்ணை கடலுக்குப் போகிறவர். வெத்திலை இல்லாமல் வள்ளத்தில் கால் வைக்க மாட்டார். பிரான்சில் மகளுக்குக் குழந்தை பிறந்து, விசாவும் கிடைத்துவிட்டது. "அப்பா, பல்லை வெள்ளையாக்கிக்கொண்டு வாங்கோ" என்று மகள் சொல்லியிருக்கிறாள். சுவர் கட்டுகிற செங்கட்டியின் நிறத்தில் இருந்தது பல். செங்கட்டித் தூளையே போட்டுத் தேய்த்தும் பார்த்திருக்கிறார்.

சுத்தம் செய்துகொண்டிருந்த டொக்டரின் கை திடீரென்று நின்றது. கன்னத்தின் உள்பக்கம், வெத்திலை ஒதுக்குகிற இடத்தில், விரல் நகமளவு வெள்ளைத் திட்டு. நோவில்லை என்றார் அண்ணை. நோவில்லாததுதான் டொக்டருக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே கடிதம் எழுதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வெட்டிப் பரிசோதித்ததில் புற்றுநோய் தொடங்குகிற நிலை என்று வந்தது. திட்டு முழுவதையும் எடுத்தார்கள். பயணம் பிந்தியது. அந்த நாட்களில் வெத்திலைக் கடையைக் கண்டால் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கத்தால் போவாராம்.

நாலு மாதம் கழித்து, இனிப் பயமில்லை என்ற பதிலோடு பயணம் சொல்ல வந்தார். பல்லில் பாதிச் சிவப்பு இன்னும் இருந்தது. அதை மறைக்காமல் சிரித்தார்: "பல்லை வெள்ளையாக்க வந்தனான் தங்கச்சி. வெள்ளை கன்னத்துக்குள்ளயெல்லோ இருந்திருக்கு."

மெல்லிய பிறஷ், காலையும் இரவும் இரண்டு நிமிடம், வருடத்துக்கு ஒருக்கால் டொக்டர் என்பதை விட மலிவான வழி எனக்குத் தெரியாது. அது இவ்வளவு சாதாரணமாக இருப்பதால்தான் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.