ஆடி மாதத்தில் தனகோடி பேயானது

தனகோடிக்குப் பேய் என்றால் பயம். பாம்புக்குப் பயமில்லை, உப்பளப் பாத்தி ஓரத்தில் ஒன்று நெளிந்தால், உப்பு வாரும் பலகையாலேயே அந்தப் பக்கம் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பாள். புருஷன் முருகையனிடமும் பயமில்லை. அவர்தான் இவளைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார் என்று உப்பளம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் டிவியில் பேய்ப்படம் ஓடினால் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, "போயிடுச்சா? போயிடுச்சா?" என்று பக்கத்தில் இருப்பவர் உயிரை வாங்கிவிடுவாள். அப்படிப்பட்டவள்தான் 2005 ஆடி மாதத்தில் மூன்று வாரம் பேயாக நடித்தாள்.

பிறந்தது பெருமுக்கல் பக்கம், வேர்க்கடலையும் கம்பும் விளைகிற வீட்டில். பத்தொன்பது வயதில் மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, உப்பு கடையில் விற்கிற சாமான் என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதல் வருஷம் உப்புத் தண்ணீர் காலைத் தின்றது. விரலிடுக்கெல்லாம் வெடித்து, நடக்கவே அழுதாள். இரண்டாம் வருஷம் அழுகை நின்றது. மூன்றாம் வருஷம், தலையில் ஈர உப்புக் கூடையோடு ஒரு முழ அகல வரப்பில் பேசிக்கொண்டே போகக் கற்றுவிட்டாள். இருபத்து மூன்று வருஷம் ஓடிய பிறகு அவள் நடையில் ஒரு தினுசு வந்திருந்தது. கால் மட்டும்தான் நடக்கும். இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையாது. அதை யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை. அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் நடந்தார்கள்.

அந்த ஆடியில் திண்டிவனத்திலிருந்து புருஷோத்தமன் வந்து இறங்கினான். முப்பது வயது, கல்யாண வீடியோ எடுப்பது தொழில். ஆடியில் கல்யாணம் கிடையாது, கேமரா சும்மா கிடக்கும். அந்த ஒரு மாதத்தில் சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று வெறியோடு இருந்தான். கதை அவனுடையதல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வெள்ளைக்காரர் எழுதியது. நூலகத்தில் அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பில் படித்திருந்தான். பனி மூடிய ஊரில் ஒருவன் பெண்டாட்டியைக் குளிரில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறான். அவள் செத்துப்போகிறாள். அப்புறம் தினமும் தூரத்தில் வந்து நின்று வீட்டையே பார்க்கிறாள். கதவைத் தட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிறாள், அவ்வளவுதான்.

பனிக்கு எங்கே போவது? ஒரு நாள் கடற்கரைச் சாலை பஸ்ஸில் பாண்டிச்சேரி போகும்போது ஜன்னல் வழியாக மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருக்கிறான். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டானாம்.

லைட் வாங்க வசதியில்லாததால் எல்லாவற்றையும் பகலிலேயே எடுத்து, கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்து ராத்திரியாக்குவது என்று திட்டம். காலை வேலை முடிந்து ஆட்கள் கரையேறிய பிறகு, பத்தரை மணி வெயிலில் ஷூட்டிங் தொடங்கும். பேயாக நடிக்கப் பாண்டிச்சேரி நாடகக் குழுவிலிருந்து விஜயலட்சுமி என்ற பெண் வந்திருந்தாள். நல்ல நடிகைதான். ஆனால் செருப்பில்லாமல் பாத்தியில் கால் வைத்ததும், "அம்மாடி!" என்று குதித்தாள். உப்புக் கல் ஊசியாகக் குத்தியது. வரப்பில் ஏறினால் ஆடிக்காற்று தள்ளியது. பவுடர் பூசிய முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. இரண்டு மணி நேரத்தில் பேய் நான்கு தடவை தண்ணீரில் விழுந்தது.

உப்புக் குவியலின் நிழலில் கூழ் குடித்துக்கொண்டிருந்த தனகோடிக்கும் அவள் கூட்டாளி மேரிசெல்விக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் தனகோடிக்கே பாவமாகிவிட்டது. எழுந்து போனாள்.

"கீழ பாக்காத பாப்பா. கீழ பாத்தா வரப்பு ஆடும். எதிர்ல ஒரு எடத்த புடிச்சிக்க. இந்தா, இப்டி."

சொல்லிவிட்டு வரப்பில் ஏறி நடந்து காட்டினாள். விஜயலட்சுமி மேலே சுற்றியிருந்த வெள்ளைப் புடவை இனியும் நனையாமல் இருக்கட்டும் என்று அதை வாங்கித் தன் தோளில் போட்டிருந்தாள். காற்று அதைப் பின்னால் இழுத்தது. கேமராவை மூட மறந்திருந்த புருஷோத்தமன் அதன் சின்னத் திரையில் பார்த்தான். வெயிலில் ஒரு உருவம், காலே இல்லாததுபோல, தலை துளியும் அசையாமல் அவனை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தது. தனக்குக் கை மயிர் நட்டுக்கொண்டதாகப் பிறகு எல்லாரிடமும் சொன்னான்.

"அக்கா, இன்னொரு தபா நடங்க."

"இன்னாத்துக்கு?"

"நீங்கதான் பேயி."

தனகோடி திரும்பி நடையைக் கட்டினாள். "த்தூ, அபசகுனமா பேசாத தம்பி. எனக்கு அதெல்லாம் ஆவாது."

விஜயலட்சுமிதான் கெஞ்சினாள். காலில் ரத்தம் கசிய உட்கார்ந்திருந்தாள். "எங்கால பாருங்கக்கா. நீங்க ஒத்துக்கலன்னா நான்தான் நடக்கணும்." கிட்டத்தில் முகம் தெரியும் காட்சிகளில் மட்டும் அவள் நடிப்பது, தூரத்து நடையெல்லாம் தனகோடிக்கு என்று பேச்சு. வீட்டில் கேட்க வேண்டும் என்றாள் தனகோடி. முருகையனைக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "தாராளமா போ. பேயிக்குத்தான் நீ பயப்படுவ, பேயா இருந்தா யாருக்குப் பயப்படப்போற?" என்றார்.

அப்படியாக மூன்று வாரம். காலையில் உப்பு வாருவாள். பத்தரை மணிக்குச் செத்தவளாவாள். காலில் காய்ந்த உப்பே போதுமான மேக்கப்பாக இருந்தது. போகப் போக, கதவுக்கு வெளியே முகம் தெரிகிற காட்சியும் அவளுக்கே வந்தது. ஊளையிடச் சொன்னபோது மறுத்தாள். "பொண்டாட்டிய வெளிய தள்ளிக் கதவ சாத்தினவன்கிட்ட இன்னா கத்தறது? சும்மா பாத்தாப் போதும். அவனுக்கே தெரியும்." புருஷோத்தமன் அன்று ராத்திரி அந்தப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினான். ஊளை அதில் இல்லை, தானாகச் சேர்த்ததுதான்.

ஒரே ஒரு நாள்தான் சிக்கலானது. எக்கியார்குப்பத்துக் கரையில், அலைக்குள்ளிருந்து அவள் எழுந்து வருவதுபோல ஒரு ஷாட் வேண்டும் என்று புருஷோத்தமன் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனான். தனகோடி மணலில் நின்றாள். தண்ணீர் பக்கம் போகவில்லை.

"கடலாண்ட வேணாம் தம்பி."

"அஞ்சு நிமிஷம்கா. முட்டி ஆழம்தான்."

"ஆழத்துக்கு சொல்லல. போன மார்கழில கடல் வந்து இட்டுனு போனதுல, இங்க வூட்டுக்கு வூடு ஆளு இல்ல. கெடைக்காதவங்களும் இருக்காங்க. அந்த வூட்டு ஜனங்க தோ அங்க வலை பின்னிகினு இருக்குதுங்க. நான் வெள்ளப் பொடவ கட்டினு தண்ணிலேந்து எழுந்து வந்தா, அதுங்களுக்கு எப்டி இருக்கும்?"

புருஷோத்தமன் வலை பின்னுகிறவர்களைப் பார்த்தான். வந்ததிலிருந்து அவர்களை அவன் பார்க்கவே இல்லை. ஒரு கிழவர் ஊசியைக் கையில் வைத்தபடி இவர்களையே கவனித்துக்கொண்டிருந்தார். புருஷோத்தமன் ஸ்டாண்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மறுநாள் பேய் கீற்று மூடிய உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தது.

மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. உப்பளமும் மழைத் தண்ணீரில் கிடக்கும். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால், காலியாகக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். ஊரே வந்தது. தூரத்தில் உருவம் தெரிந்ததுமே முதல் விசில் பறந்தது.

"டேய், தனகோடி அக்காடா!"

"யக்கா, உப்பு வாரப் போறியா? கூடைய காணோம்?"

படம் பயங்கரமாக ஆக ஆக, சிரிப்பு கூடியது. கதவுக்கு வெளியே அவள் முகம் தெரிந்தபோது முருகையன் எழுந்து, "தொறந்து வுடுங்கப்பா, பாவம்!" என்று குரல் கொடுக்க, மண்டபம் அதிர்ந்தது. தனகோடியும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புருஷோத்தமன் மட்டும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். "ஆறு மாச உழைப்புக்கா. காமெடியாயிடுச்சு."

"என்னைத் தெரிஞ்சவங்க சிரிக்காம இன்னா பண்ணுவாங்க? தெரியாதவங்களுக்குப் போட்டுக் காட்டு தம்பி."

அதன்படி தை மாதத்தில் ஒரு ஞாயிறு, பாண்டிச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதி முற்றத்தில் காட்டினான். வெள்ளைக்காரர்கள் பாதி, உள்ளூர்ப் பிள்ளைகள் பாதி. தனகோடியும் மேரிசெல்வியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. உருவம் நெருங்க நெருங்க நாற்காலி நகர்கிற சத்தம்கூட நின்றுபோனது. கதவுக்கு வெளியே முகம் வந்தபோது முன் வரிசையில் ஒரு பெண் வீறிட்டாள். வாழ்க்கையில் தனகோடியைப் பார்த்து வெளியாள் ஒருவர் பயந்தது அதுதான் முதல் தடவை. அது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

முடிந்ததும் நரைத்த தலை வெள்ளைக்காரம்மா ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார். புருஷோத்தமன் மொழிபெயர்த்தான். "இந்த நடைய எந்த ஸ்கூல்ல கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறாங்க."

"தலையில உப்பு வச்சிகினு நடந்து பாக்கச் சொல்லு. தானா வரும்."

அந்த அம்மா மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார்.

2006 ஆடியில் புருஷோத்தமன் மறுபடியும் பாத்தி ஓரத்தில் வந்து நின்றான். கையில் இன்னொரு பழைய கதை. பூட்டின அறையும் பாழடைந்த பங்களாவும்.

"அக்கா, இந்தத் தடவையும் நீங்கதான்."

"செத்தவளா, உசுரோட இருக்கறவளா?"

அவன் தயங்கினான். "செத்தவதான்."

"அப்டின்னா மேரிசெல்விய இட்டுனு போ. அவளும் நல்லாத்தான் நடப்பா. எனக்குப் பேசறாப்புல ஒண்ணு இருந்தா குடு."

நான்கு நாள் கழித்து எழுதிக்கொண்டு வந்தான். பங்களாவைக் கூட்டிப் பெருக்குகிறவள், உயிரோடு இருக்கிறாள், பதினோரு வசனம். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்த தனகோடி எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் படித்தாள். இரண்டை, இப்படி யாரும் பேசமாட்டார்கள் என்று அடிக்கச் சொன்னாள். மிச்ச ஒன்பதையும் உப்பு வாரும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்துப் பாத்திக்காரர்களுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

ஷூட்டிங் அன்று கையில் துடைப்பத்தோடு நின்று முதல் வசனத்தைச் சொன்னாள். "ஓகேக்கா, சூப்பர்" என்றான் புருஷோத்தமன். அவள் நகரவில்லை. இன்னொரு தரம் எடுக்கச் சொன்னாள். தப்பு ஒன்றுமில்லை; பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது.