கிளிப் கீது, போ!

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி கடைசியில், புயல் கரையைக் கடக்கப் போகிறது என்று அறிவித்திருந்த நாளின் காலை. இடம் நல்லவாடு கடற்கரை.

எங்கள் ஊர் பாகூர் பக்கம். நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறோம். கணவருக்குக் கம்பெனி வேலை என்பதால் டிராக்டர் ஓட்டுவது நான்தான். நல்லவாட்டில் வழக்கமாகப் படகு இழுக்கும் டிராக்டர் பழுதாகிவிட்டது. பைபர் படகுகளை மேட்டில் ஏற்ற உடனே வண்டி வேண்டும் என்று தகவல் வந்தது. கிளம்பினேன்.

டிராக்டரின் பின்புறம் இரண்டு இரும்புப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நடுவில் டிரெய்லரின் வளையத்தையோ கயிற்றின் கண்ணியையோ வைத்து, மேலிருந்து ஒரு கனத்த இரும்புப் பின்னை இறக்க வேண்டும். பின் மேலே எழும்பாமல் இருக்க அடியில் ஒரு கிளிப் மாட்ட வேண்டும். எங்கள் தெருவில் இந்தப் பின் யாருக்கும் சொந்தமில்லை. யாருக்கு டிரெய்லர் மாட்ட வேண்டுமோ அவர் அடுத்த வீட்டு வண்டியிலிருந்து உருவிக்கொண்டு போவார். பின் எப்படியாவது திரும்பி வந்துவிடும், கிளிப் வராது. கிளிப் இருக்க வேண்டிய துளையில் எல்லோரும் ஒரு ஆணியைச் சொருகி வளைத்துவிடுவார்கள். அன்று என் வண்டியிலும் ஆணிதான் இருந்தது.

முதல் படகு ஒரு பெண்ணுடையது. என் வயதுதான் இருக்கும். அலை படகின் பின்பாகத்தைத் தொட ஆரம்பித்திருந்தது. கயிற்றை மாட்டி இழுத்தேன். படகு பாதிச் சரிவு ஏறியதும் வண்டி மணலில் ஒரு குலுக்கு குலுக்கியது. பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது பின் எகிறிப் போயிருந்தது. கயிறு சாட்டைபோல மணலில் விழ, படகு கடலை நோக்கிச் சறுக்கியது. பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்த இருவர் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். அவர்கள் நின்றிருந்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் படகு நின்றது.

யாருக்கும் காயமில்லை. கரையில் நின்ற கூட்டம் ஓடிப்போய்ப் படகின் கயிற்றை ஒரு தென்னைமரத்தில் சுற்றிக் கட்டியது. நான் மணலில் கிடந்த பின்னை எடுத்துப் பார்த்தேன். ஆணி அறுந்து போயிருந்தது. பின்னின் நடுப்பகுதி, கரைந்த சோப்புபோல ஒடுங்கியிருந்தது.

"கடப்பாறைய சொருவி இழும்மா. ரெண்டே இழு, மேல வந்துடும்" என்றார் படகு இன்ஜின் ஓட்டுகிற ஒரு பெரியவர்.

"அடியில தடுக்க ஒண்ணும் இல்லையே. அதுவும் இப்படித்தான் எகிறும்" என்றேன்.

"இன்னாம்மா, கடலு வூட்டுக்குள்ள வந்தாலும் நீ ஆணி தேடினு நிப்ப போலக்கீதே! கரும்பு வண்டிய கூப்டது எங்க தப்புதான்."

கூட்டம் சிரித்தது. படகுக்காரப் பெண் சிரிக்கவில்லை. வேகமாக என்னிடம் வந்தாள். "எக்கா, எங்களுக்கு இருக்கறது இந்த ஒரு போட்டுதான். அலை தூக்கிப் போட்டா ஒடஞ்சுடும். உனுக்கு ஒரு இரும்புத் துண்டுதான் பெருசா?"

"பின்னால நின்னு தள்ளுனாங்களே, அவங்க யாரு?"

"என் தம்பியும் எங்க வூட்டுக்காரரும்."

சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிடம் படகையும் அவர்களையும் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "அந்த பின்னக் குடு. பாகூர்ல இது விக்கிற கடை கீதா?"

"கீது. நடுவுல தேஞ்சிருக்கு பாரு, அந்த அளவுல வாங்கிடாதே. தலைக்குக் கீழ தேயாத எடம் இருக்கு, அந்த கனம் கேளு. அடியில மாட்டற கிளிப்பும் வாங்கு."

புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பின்னை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள்.

அவள் போன நேரம் முழுக்க நான் தென்னைமரக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அலைக்கும் அது தளர்ந்து, அடுத்த நொடி விறைத்தது.  

மழையில் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். "கடக்காரன் ஷட்டரை எறக்கினு இருந்தான். உள்ள கைய விட்டு, பின்னு குடுத்தாத்தான் எடுப்பேன்னு உக்காந்துட்டேன்" என்று புதுப் பின்னைக் கையில் வைத்தாள். கிளிப்பும் சரியானதுதான்.

ஆனால் பின் மேல்பட்டையில் இறங்கி, கீழ்ப்பட்டையின் துளையில் நின்றுவிட்டது. பழைய பின் ஆடி ஆடி அந்தத் துளையின் விளிம்பில் பிசிறு தட்டியிருந்தது. குனிந்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு உருண்டை அரம் நீண்டது. நீட்டியவர் அந்தப் பெரியவர். தன் இன்ஜின் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தார். நான் வாங்குவதற்குள் அவரே ஈர மணலில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டு ராவ ஆரம்பித்தார்.

"இப்ப போடு."

பின் தன் கனத்திலேயே இறங்கியது. கிளிப்பை அவர்தான் மாட்டினார். 'டக்' என்ற அந்தச் சத்தம் அலை இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

"படகுக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கக் கூடாது. ஓரத்துல இருந்து புடிங்க" என்றேன். எல்லோரும் விலகினார்கள். சின்ன கியரில் போட்டு கிளட்சை மெதுவாக விட்டேன். கயிறு விறைத்தது. சக்கரம் ஒருமுறை மணலைத் தோண்டிவிட்டுப் பிடித்துக்கொண்டது. படகு நகர்ந்தது. சரிவைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, வீடுகளுக்குப் பின்னால் உள்ள மேட்டில் போய் நின்றபோது எழுந்த கூச்சலில் என் வண்டிச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. படகுக்காரப் பெண் ஓடிவந்து மட்கார்டைப் படகைத் தட்டுவதுபோல இரண்டு கையாலும் தட்டினாள்.

அதன் பிறகு நிற்கவில்லை. ஒவ்வொரு படகுக்கும் பெரியவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "கிளிப் கீது, போ!" என்று கத்துவார். அதற்கப்புறம்தான் நான் கிளட்சை விட வேண்டும். இருட்டுவதற்குள் கரையில் ஒரு படகும் இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது அந்தச் சரிவே இல்லை. கடல் தென்னைமரம் வரை அரித்துத் தின்றிருந்தது. படகுகள் மேட்டில் மழைநீர் நிரம்பி நின்றன.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பின்னையும் கிளிப்பையும் சங்கிலி போட்டு வண்டியோடு வெல்டிங் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பங்காளி வழக்கம்போல உருவ வந்து, சங்கிலியைப் பார்த்துத் திகைத்தார். "இன்னாம்மா இது, மாட்டக் கட்ற மாதிரி கட்டி வச்சிருக்க?"

"பின்னு மட்டும் கெடைக்காது மாமா. வேணும்னா வண்டியோட ஓட்டிட்டுப் போங்க" என்றேன். சில மாதங்களில் எங்கள் தெருவின் எல்லா டிராக்டரிலும் சங்கிலி தொங்கியது.

இன்றும் டிரெய்லர் மாட்டி ஏறி உட்கார்ந்தால் என் கால் கிளட்சின் மேல் ஒரு நொடி நிற்கிறது, நல்லவாட்டுக் குரல் ஒன்று "கிளிப் கீது, போ!" என்று கத்திய பிறகுதான் என் வண்டி நகர்கிறது.