முப்பத்தெட்டாம் நம்பர் பனி பூட்ஸ்

மதியம் இரண்டேகால், மீதி பத்து ஜோடி பூட்ஸ், தனலட்சுமி. 2007 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது. காலணிக் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: வந்தவர் முகம் மறந்துபோகும், பாதம் மறக்காது.

மாலைப் பத்திரிகை ஒன்றில் பதினெட்டு வருடம் செய்தி எழுதினேன். அது நின்றுபோனதும், புதுச்சேரி மிஷன் வீதியில் மச்சான் மதியழகன் நடத்திய கடையில் அடுத்தவர் காலடியில் குனிந்து உட்காரப் போனேன். முட்டி வலியோடு இதைப் படிக்கிற விற்பனைத் தோழர்களுக்கு மேலே விளக்கம் வேண்டியதில்லை.

ஹவாய் செருப்புக்கு நடுவே

மதியழகனின் பெரியப்பா மகன் பிரான்சில் ஒரு மலையூரில் இருக்கிறார். அங்கே மூடப்போன கடையில் மலிவாகக் கிடைத்தது என்று பதினோரு ஜோடி பூட்ஸை வீட்டுச் சாமான்களோடு கப்பலில் அனுப்பிவிட்டார். பனிமலை ஏறுகிறவர்கள் போடுவது. வெளியே கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கிற மெத்தை பூட்ஸ். ஒன்றுக்குள் ஒன்று. அடிப்பாகம் வளையவே வளையாது. ஐஸில் குத்தி ஏறுகிற இரும்புப் பல்லை மாட்ட முன்னும் பின்னும் பள்ளம். ஒரு கால் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல்.

பெரும்பாலும் ஆண்கள் அளவு. பெண்களுக்கு ஆகிறமாதிரி முப்பத்தெட்டில் ஒன்று, முப்பத்தொன்பதில் ஒன்று. மதியழகன் அவற்றை ஹவாய் செருப்புகளுக்கு நடுவே கண்ணாடி அலமாரியில் வைத்தான். நின்று பார்க்காதவர் இல்லை. முதல் மூன்று மாதத்தில் விலை கேட்டவர் ஒரே ஒருவர், ஆட்டோ ஓட்டுகிற சகாயம். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "இன்னா சார், இதப் போட்டுக்கினு பிரேக்க மிதிச்சா வண்டி நிக்கும், கால் வெந்துடும்."

பாரீஸ் குளிர்

முதல் ஜோடியை வாங்கியது குருசுக்குப்பத்து மதாம் செசில். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊர் வழக்கில் சொல்தா வீடு. ஏதோ ஒரு மலை முகாமில் குளிரில் உறைந்து அவருக்கு இரண்டு கால்விரல் போயிருந்தது. மகள் சோஃபி செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்காக மே மாதமே பாரீஸ் போகிறாள். கடையில் இருந்ததிலேயே கனமானதை எடு என்றார் மதாம். முப்பத்தெட்டு பொருந்தியது.

பாரீஸில் யாரும் மலை ஏறுவதில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். சோஃபி எழுந்து நாலடி நடந்தாள், வாத்து மாதிரி. "இதப் போட்டுக்கினு மெட்ரோல ஏறுனா எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்று கிட்டத்தட்ட அழுதாள். மதாம் பையைத் திறந்துகொண்டே சொன்னார்: "சிரிக்கட்டும்டீ. சிரிக்கறவ வந்து உனக்கு வெரலு வச்சுத் தருவாளா?"

தூணை உதைத்தவர்

தனலட்சுமிக்கு முப்பத்து நாலு வயது. ரெட்டியார்பாளையம். ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. இருபத்திரண்டாம் வயதில் உத்தரகாசிப் பக்கம் ஒரு மாதம் மலையேற்றப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். பிறகு பன்னிரண்டு வருடம் சோதனைக் குழாயும் மைக்ரோஸ்கோப்பும்தான். "காலைல கெட்டிப் பனி மேல கால வச்சா ஒரு சத்தம் வரும் சார், அப்பளம் நொறுங்கறமாதிரி. அது இன்னும் காதுல இருக்குது" என்றார்.

இப்போது ஒரு குழுவில் இடம் கிடைத்திருந்தது. மே கடைசியில் இமயமலையில் கார்வால் பக்கம், ஆறாயிரம் மீட்டர் சிகரம். வாடகை பூட்ஸ் எல்லாம் ஆண்கள் அளவு. சரியான பூட்ஸ் கொண்டுவராவிட்டால் அடிவார முகாமில் சமையலுக்கு உதவியாக இருக்கலாம் என்று தலைவர் எழுதியிருந்தார்.

முப்பத்தொன்பதை எடுத்துக் கொடுத்தேன். முதலில் வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்களை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னே என் இரண்டு விரலை நுழைத்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம் கொண்டுவந்திருந்த மெல்லிய சாக்ஸ், அதன்மேல் கம்பளி சாக்ஸ், உள் பூட்ஸ், ஓடு. தைத்து வைத்ததுபோல் இருந்தது. எழுந்து போய்க் கடைத் தூணை ஓங்கி நாலு உதை விட்டார். விரல் முன்னால் இடித்தால் ஐஸில் நகம் கறுத்துவிடுமாம். சுண்ணாம்பு உதிர்ந்தது. கல்லாவிலிருந்து மதியழகன் கத்தினான்: "யக்கா, இது வாடகைக் கடை, யக்கா!"

ஐஸ் பேக்டரியில் நாற்பது நிமிடம்

பெட்டியில் இருந்த பிரெஞ்சுத் தாள், மதியத்துக்கு மேல் அளவு பாருங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும் என்று சொன்னது. அப்படியேதான் செய்தோம். எழுதியவர் ஏப்ரல் மாதப் புதுச்சேரியைப் பார்த்தவரில்லை. நம் ஊர் வெயிலில் மதியம் இரண்டேகாலுக்குச் சற்று வீங்குவதா? மோதிரமே விரலைவிட்டு வராத நேரம் அது.

வாங்கிய பிறகும் தனலட்சுமிக்கு மனம் ஒப்பவில்லை. குளிரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நம் ஊரில் குளிருக்கு எங்கே போவது? வீராம்பட்டினம் போகிற வழியில் மீன்காரர்களுக்கான ஐஸ் பேக்டரி இருந்தது. அங்கே வேலை செய்கிற ஏழுமலையிடம் சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். ஹவாய் செருப்போடு ஐஸ் பாளங்களை இழுத்துக்கொண்டிருந்த ஏழுமலை, பூட்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தனலட்சுமி அரைமணி நேரம் பாளங்களின் மேல் நடந்துவிட்டு, ஒன்றை உதைக்கத் தொடங்கினார். "யம்மா, ஐஸ ஒடைக்கக் கட்டை இருக்குதும்மா" என்றார் ஏழுமலை.

தனலட்சுமி சிரிக்கவில்லை. குளிரில் கால் சுருங்கிவிட்டது. ஒவ்வோர் உதைக்கும் பூட்ஸுக்குள் குதிகால் மேலே வந்தது. லேஸை இறுக்கினோம். இன்னும் இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும், விரல் உறையும். பாளத்தின் மேலேயே உட்கார்ந்து சொன்னார்: "தூக்குது சார். இதோட போனா நான் அடிவாரத்துல வெங்காயம்தான் உரிக்கணும்."

குருசுக்குப்பத்தில் பஞ்சாயத்து

முப்பத்தெட்டு ஊரிலேயே ஒன்றுதான், அது மதாம் செசில் வீட்டில். தனலட்சுமியும் நானும் போனோம். கூடத்தில் சோஃபியின் பெட்டி திறந்து கிடந்தது. பூட்ஸ் மேலாகவே இருந்தது. அதன்மேல் பெட்டி மூடாது. விஷயத்தைச் சொன்னதும் சோஃபி எடுத்து நீட்டிவிட்டாள். மதாம் பிடுங்கிக்கொண்டார். "எம் பொண்ணு வெரலு வெரலு இல்லியா?"

தனலட்சுமி வாதாடவில்லை. ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று மட்டும் கேட்டார். வருமுன்பே வாளித் தண்ணீரில் ஐஸ் கரைத்து, அதில் கால்களை வைத்திருந்துவிட்டுத்தான் வந்திருந்தார். போட்டு, கட்டி, மாடிப்படியில் ஏறி இறங்கினார். குதிகால் அசையவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த மதாம் கேட்டார்: "அவ்ளோ மேல போயி இன்னாம்மா பாக்கப் போற?"

"தெரியல மதாம். பன்னெண்டு வருஷமா அதான் யோசிக்கறேன்."

மதாம் எங்கள் கையிலிருந்த முப்பத்தொன்பதை வாங்கி மகளின் பெட்டியில் வைத்தார். "அம்மா, இது அதவிடப் பெருசு!" என்று அலறினாள் சோஃபி. மதாம் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினார்: "மூணு சாக்ஸ் போட்டுக்க."

கயிறு

ஜூன் கடைசியில் தனலட்சுமி கடைக்கு வந்தார். முகம் கறுத்து, உதடு உரிந்திருந்தது. சிகரத்துக்கு ஏறிய கடைசி நாள் காலை ஆறு மணி என்று சொல்லத் தொடங்கினார். ஒரே கயிற்றில் மூன்று பேர். நடுவில் வந்த புனேக்காரர் இறுக்கமான பூட்ஸ் வாங்கியிருந்தார். விரலில் உணர்வு இல்லை என்றார். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டவரை விட்டுவிட்டு மேலே போவதில்லை. மூவரும் திரும்பினார்கள்.

"உச்சி தெரிஞ்சுது சார். நம்ம பழைய லைட்ஹவுஸ அஞ்சு தடவ அடுக்குனா எட்டிடலாம்" என்றார். உங்கள் கால் எப்படி என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக் காட்டினார். பத்து விரலும் சுத்தமாக இருந்தன, ஒரு கொப்புளம்கூட இல்லை. குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒண்ணும் ஆவல சார். அதான் தாங்கல."

2009 மே 17, ஞாயிற்றுக்கிழமை, தனலட்சுமி மறுபடியும் வடக்கே ரயில் ஏறினார். கூடக் கயிறு கட்டப்போகிற இருவரின் பாதங்களைக் காகிதத்தில் வரைந்து தபாலில் அனுப்பச்சொல்லி, அவர்கள் பூட்ஸ் அளவு சரிதானா என்று எங்கள் கடை அளவுகோலால் அளந்து பார்த்த பிறகுதான் டிக்கெட்டே எடுத்தார்.