வேல்ராஜின் பகல் தூக்கம்

மூன்று மாதமாக நெஞ்செரிச்சல். வேல்ராஜ் முதலில் மிளகாய்ப் பொடியை விட்டார், அப்புறம் டீயை. ராத்திரிக் கஞ்சியை ஆறு மணிக்கே முடித்துக்கொண்டார். ஈசிஜியில் இருதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் மத்தியானம் படுத்தால் தொண்டை வரை புளிப்பு ஏறியது.

"எல்லாத்தையும் விட்டாச்சு. இனி நீ மட்டுந்தான் பாக்கி," என்றார் மனைவியிடம்.

"என்னையும் விட்டுட்டு இட்லிய யாரு அவிக்கதாம்?" என்றாள் கலைச்செல்வி.

பேச்சுதான் விளையாட்டு. மும்பை தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி அண்டாவைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்காவைச் சுற்றி விற்கும் லைன் அவருடையது, இருபத்திரண்டு வருஷமாக. குனிந்தாலே நெஞ்சு காந்துகிறவர் எத்தனை நாள் மிதிப்பார்? லைனைத் திங்கட்கிழமை முதல் தன்னிடம் விடச் சொல்லி பக்கத்து வீட்டுப் பூலோகம் கேட்டிருந்தான். சரி என்பது வேல்ராஜின் வாய்வரை வந்துவிட்டது.

சனிக்கிழமை இருவரும் டாக்டர் சாயிமாவிடம் போனார்கள். அவர்கள் தெருவிலேயே வளர்ந்த பெண்.

"சாப்ட்ட உடனே படுக்கலையே, அங்கிள்?"

"ஆறுக்குச் சாப்புட்டு ஒம்பதுக்குத்தான் படுக்கேன். ரெண்டுக்கு எழும்பணும்லா."

"அந்தத் தூக்கம் போதுமா?"

"மத்தியானம் தூங்குவேம்மா. லைன் முடிஞ்சு வந்தா பசி கண்ண மறைக்கும். ஒரு தட்டுச் சோறு, அப்படியே பாயில சாஞ்சிருவேன்."

சாயிமா பேனாவைக் கீழே வைத்தாள். "ராத்திரி பண்ற பத்தியத்த பகல்ல கெடுத்துடுறீங்களே! காலைல என்ன சாப்பிடுவீங்க?"

"ஒண்ணுமில்ல."

"நானூறு இட்லி வச்சுக்கிட்டா?"

கலைச்செல்வி முந்திக்கொண்டாள். "அண்டா காலியாகுமுன்ன விக்கிறவன் வாயில வச்சா யாவாரம் படுத்துரும், டாக்டரம்மா."

"யாவாரம் படுத்தாலும் பரவால்ல, வயிறு நெறஞ்சு இவர் படுக்கக் கூடாது. ஒம்பது மணிக்குள்ள சாப்பிடுங்க. நான் எழுதித் தர்ற மாத்திரை அதுக்கு அரை மணி முன்ன. மத்தியானச் சோறு, தூங்கி எழுந்தப்புறந்தான்."

திங்கட்கிழமை வேல்ராஜே போனார். ஒன்பது மணிக்கு ஒரு மரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, திருடனைப்போல் நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஐந்து இட்லி தின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கலைச்செல்வி அண்டாவைத்தான் எட்டிப்பார்த்தாள். "ஏழு மிச்சம். நாஞ்சொன்னேம்லா?"

சோறு தொடாமல் படுத்தார். புளிப்பு வரவில்லை. தூக்கமும் வரவில்லை. இட்லியாலா, மாத்திரையாலா, ஒருநாள் அதிர்ஷ்டமா? அந்த ஏழு இட்லிக்கு யார் பொறுப்பு? ஒன்றும் பிடிபடவில்லை.

வாசலில் பூலோகத்தின் தலை தெரிந்தது. "அண்ணாச்சி, லைன் விஷயம்..."

வேல்ராஜ் படுத்தபடியே நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் புரியலடே," என்றார். "நாளைக்கும் நானே போயிப் பாக்கேன்."