ஒரு மண்ணும் இல்ல

எங்க நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி கேட்டுல பொம்பளையாளுகளைத் தடவிப் பாத்து உள்ள விடுற வேலை வெள்ளைத்தாயக்காவுக்கு. தீப்பெட்டி, செல்போன், கொண்டை ஊசி எதுவும் அதைத் தாண்டிப் போனதில்ல. காலையில வேன்ல இருந்து எறங்குனதும், "மடியில என்னத்தா?"ன்னு கேக்கும். நாங்களும் ஒரே பாட்டா, "ஒரு மண்ணும் இல்லக்கா"ம்போம். அதுக்குப் பெறகும் தடவும். பெத்த தாயையும் நம்பாத கை அது.

எனக்கு அது மேல எரிச்சல் உண்டு, மறைக்க மாட்டேன். ஒருதரம் எம் மகளுக்கு விடாத காய்ச்சல். கோயில் துன்னூற முந்தியில முடிஞ்சுக்கிட்டு வேலைக்கு வந்தேன். கேட்டப்ப வழக்கம்போல ஒரு மண்ணும் இல்லன்னுட்டேன். அக்கா முடிச்ச அவுத்து, கேட்டுல தொங்குற மணல் வாளியில கொட்டிருச்சு.

"சாமி துன்னூறுக்கா."

"பட்டாசு மருந்து கலக்குற எடம். சாமியா இருந்தாலும் பொடி பொடிதான். கேட்டப்பவே சொல்லியிருந்தா சாயங்காலம் திருப்பிக் குடுத்திருப்பேன்ல?"

வயிறெரிஞ்சு, உனக்கும் ஒரு கேட்டு வரும்டின்னு ஏசுனேன். மனசுக்குள்ளதான். வாய்விட்டு ஏச எனக்கென்ன கிறுக்கா?

வந்துச்சு பாருங்க அந்தக் கேட்டு. அக்கா மக அழகுமீனா வாக்கப்பட்டு நியூசிலாந்துல இருக்கா. மொதப் பிள்ளை பெறந்த அன்னைக்கே போயிருச்சு. ரெண்டாவது உண்டானதும் அக்கா குலசாமி வாசல்ல நின்னு, "இந்தப் பிள்ளைய நிக்க வையி. உன் மண்ண நெத்தியில வச்ச பெறகுதான் எங்கையால தொடுவேன்"னு நேந்துக்கிருச்சு. பேத்தி நல்லபடியாப் பெறந்தா. தீபாவளி சீசன் முடிஞ்சதும் அக்காவுக்கு லீவு கெடச்சுச்சு.

மருமகன் விக்னேஷ்வரன் போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னான். "அத்தே, இது சுத்திக் கடலு உள்ள நாடு. வெளிய இருந்து விதை, இலை, மண்ணு வந்தா இங்கன உள்ள பயிருபச்சைக்கு நோவு வந்துரும்னு பயப்படுவாக. இருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டா பொருளோட போயிரும். மறைச்சா அபராதம்."

"நம்ம கேட்டு மாதிரிதான்"னு எங்ககிட்ட அம்புட்டுப் பெருமையாச் சொல்லுச்சு அக்கா. மாவடு, மோர்மொளகா எல்லாத்தையும் பெட்டியில இருந்து எடுத்து வெளிய வச்சிருச்சு. குலசாமி மண்ண மட்டும் வேப்பிலையோட மஞ்சத்துணியில முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிருச்சு. பெட்டியில இருந்தாத்தான சாமான்? இடுப்புல இருக்கறது சாமி.

இனி சொல்றது, அக்கா திரும்பி வந்து கேட்டுல நின்னு அதுவே எங்கிட்டச் சொன்னது.

அங்க ஏர்போர்ட்டுல ஆபீசரம்மா, அக்காவுக்கு இங்கிலீஷ் வராதுன்னு போன்ல ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையப் பேச விட்டிருக்காக. "அம்மா, விதை, இலை, மண் ஏதும் வச்சிருக்கிறீங்களோ?"ன்னு அந்தப் பிள்ளை கேட்டிருக்கு. இத்தன வருசமா எங்க வாயில கேட்ட பாட்டுத்தான? அக்கா வாயில தன்னால வந்துருச்சு.

"ஒரு மண்ணும் இல்லத்தா."

மண்ணு இல்லையாம்னு அந்தப் பிள்ளையும் அப்படியே ஆபீசரம்மாட்டச் சொல்லிருச்சு. அந்நேரம் பாத்து, சட்டை போட்ட ஒரு நாயி மோந்துக்கிட்டே வந்து அக்கா காலடியில உக்காந்துக்கிருச்சு. அக்கா "சூ, போ"ன்னுச்சு. அது அசையல. ஆபீசரம்மா அக்கா இடுப்பக் காமிச்சாக.

அக்கா அழுதுக்கிட்டே முடிச்ச அவுத்துருக்கு. "சாமி மண்ணுத்தா. பேத்திக்காகக் கொண்டாந்தேன்."

"சாமி மண் எண்டாலும் மண்தானே அம்மா. கேட்கேக்கையே சொல்லியிருக்கலாமே."

மண்ணும் வேப்பிலையும் குப்பைத் தொட்டிக்குப் போச்சு. அபராதம் மருமகன் தலையில விடிஞ்சுச்சு.

"அந்த எடத்துல எனக்கு ஓம் மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு, செல்லக்கனி"ன்னுச்சு அக்கா. எனக்குச் சந்தோசமா இருந்திருக்கணும். இல்ல.

"அப்பம் பிள்ளையத் தூக்கவே இல்லையாக்கா?"

அக்கா சுத்திமுத்திப் பாத்துட்டு வலது கைப் பெருவெரல நீட்டுச்சு. முடிச்ச அவுக்கும்போது நகத்துக்குள்ள கொஞ்சூண்டு மண்ணு ஏறியிருந்துச்சாம். பொத்துன கைய விரிக்காமலே வீடு வரைக்கும் போயிருக்கு. கையக் கழுவிட்டு வாம்மான்னு சொன்ன மகளை ஏசிட்டு, பேத்தி நெத்தியில அந்த நகத்த வச்சு லேசா அழுத்தியிருக்கு. பெறகுதான் தூக்குச்சாம்.

"என்னையப் பாத்துச் சிரிச்சாத்தா"ன்னு சொல்லும்போது அக்காவுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. எனக்கும்தான்.

"நகத்துல இருக்குன்னு அவுககிட்டச் சொல்லலையாக்கா?"

"அவுக நகத்தக் கேக்கலையே."

மறுநாள் வேன்ல இருந்து எறங்கி, வழக்கமான பாட்டப் பாடிட்டு உள்ள போகப் பாத்தேன். அக்கா கைய நீட்டி மறிச்சுச்சு.

"நகத்தக் காட்டுத்தா."